ஒரு மான், 1500 வில்லாளிகள், ஒரு மூடுவிழா

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்சுத் தள்ளிப் போட்டுக்கிட்டே வந்த பதிவு இது. விளையாட்டு பத்தித்தானே, யார் படிக்கப் போறாங்கன்னு ஒரு தயக்கம். ஆனா இது விளையாட்டைப் பத்தின பதிவு மட்டும் இல்ல. ஒரு கடன் பாக்கி பத்தினதும் கூட.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கறேன். வருஷம் 2001. எஞ்சினியரிங் ரெண்டாவது வருஷம். காலேஜ் பஸ் ஸ்டாப்புக்கு எதிர்ல ஒரு பிரவுசிங் சென்டர். மொத்தம் ஆறு கம்ப்யூட்டர், மணிக்கு இருபது ரூவா. ராத்திரி பத்து மணிக்கு மேல அண்ணாச்சி ஷட்டரைப் பாதி இறக்கிடுவார். அப்புறம் தான் எங்க ராஜ்ஜியம் ஆரம்பிக்கும். ஆறு மெஷினையும் கேபிள்ல கோத்து, மூணுக்கு மூணு, 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2'. காலையில நாலு மணிக்கு டீ குடிச்சிட்டு ஹாஸ்டல் சுவர் ஏறிக் குதிக்கறப்ப கூட, "நீ ஏண்டா கோட்டை கட்ட லேட் பண்ணுன"ன்னு தான் சண்டை நடக்கும்.

அந்த சிடி மேல கறுப்பு மார்க்கர்ல 'ஏஜ்-2'ன்னு கோணல்மாணலா எழுதியிருக்கும். அட்டை கிடையாது, கையேடு கிடையாது. பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு கடையில அம்பது ரூவா. விளையாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி 'என்செம்பிள் ஸ்டுடியோஸ்'னு ஒரு பேர் வரும். எஸ்கேப் பட்டனைத் தட்டித் தாண்டிடுவோம். மூணு வருஷம் நாங்க தாண்டின அந்தப் பேரைப் பத்தித் தான் இந்தப் பதிவு.

*

அமெரிக்காவுல டெக்சாஸ் மாநிலம், டல்லாஸ் நகரம். அங்க டோனி குட்மேன்னு ஒருத்தர் கம்ப்யூட்டர் ஆலோசனை நிறுவனம் ஒண்ணு நடத்திக்கிட்டு இருந்தார். அது பேரு என்செம்பிள் கார்ப்பரேஷன். நம்மூர் பாஷையில சொன்னா பொட்டி தட்டற கம்பெனி. சோறு போட்டது அந்த வேலை. ஆனா மனசு முழுக்க விளையாட்டு மேல தான். 1995-ல தன் சகோதரர் ரிக் குட்மேன், நண்பர் பிரையன் சல்லிவன் இவங்களோட சேர்ந்து விளையாட்டு தயாரிக்கறதுக்குன்னே தனியா என்செம்பிள் ஸ்டுடியோஸைத் தொடங்கினார்.

அதுக்கப்புறம் அவர் தேடிப் பிடிச்ச ஆள் தான் முக்கியம். ப்ரூஸ் ஷெல்லி. குட்மேனுக்கு வர்ஜீனியாவுல பலகை விளையாட்டுக் குழு மூலமா பழக்கமானவர். 1991-ல வந்த 'சிவிலைசேஷன்' விளையாட்டை சிட் மையரோட சேர்ந்து உருவாக்கினவர்.

'சிவிலைசேஷன்' எப்படின்னா, நம்ம தாயக்கட்டை மாதிரி முறை வெச்சு ஆடற ஆட்டம். உன் முறை முடியற வரைக்கும் உலகம் நிக்கும். அதே சமயத்துல 'வார்கிராஃப்ட்', 'கமாண்ட் அண்ட் கான்கர்' மாதிரி, நிக்காம ஓடிக்கிட்டே இருக்கற போர் விளையாட்டுகள் சக்கைப்போடு போட்டுக்கிட்டு இருந்துச்சு. இது ரெண்டையும் கலந்தா என்னன்னு யோசிச்சாங்க. சரித்திரம் அங்கேருந்து, வேகம் இங்கேருந்து. 'மனிதனின் விடியல்'ங்கற அர்த்தத்துல 'டான் ஆஃப் மேன்'னு தான் முதல்ல பேர் வெச்சிருந்தாங்க. 1997 அக்டோபர்ல மைக்ரோசாஃப்ட் அதை 'ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்'னு வெளியிட்டது.

இங்க ஒரு சுவாரசியம். இவ்ளோ சரித்திரம் வருதே, பெரிய பெரிய பேராசிரியர்களைக் கூட்டி வெச்சு ஆராய்ச்சி பண்ணியிருப்பாங்கன்னு தானே தோணும்? ஷெல்லி சொன்னது நேரெதிர். நூலகத்துல குழந்தைங்க பிரிவுல இருக்கற புத்தகங்கள் தான் இதுக்கு நல்ல ஆதாரம், ஆடறவங்களுக்கு இருக்கற சரித்திர ஆர்வம் அந்த மட்டத்துல தான் இருக்கும், ரொம்ப ஆழமாப் போறது தேவையும் இல்ல, நல்லதும் இல்லன்னார். எனக்கு இதைப் படிச்சப்ப சிரிப்பு வந்துச்சு. அப்புறம் யோசிச்சா உண்மை தான். ஜோன் ஆஃப் ஆர்க், சலாதீன், பார்பரோசா இவங்க பேரெல்லாம் எனக்கு எந்தப் பாடப் புத்தகமும் மனசுல பதிய வெக்கல. 1999 செப்டம்பர்ல வந்த ரெண்டாம் பாகம் தான் பதிய வெச்சது.

இன்னொரு விஷயம், ஆடி ஆடியே வடிவமைக்கறது. ஓவியம் வரையறவர், நிரல் எழுதறவர்ங்கற வித்தியாசம் இல்லாம ஸ்டுடியோவுல எல்லாரும் ஆடணும், ஆடிட்டு அபிப்ராயம் சொல்லணும். முதல் பாகத்துல ஒரு ஆளை உருவாக்கி முடிச்சப்புறம் தான் அடுத்த ஆளுக்குச் சொல்ல முடியும். அப்புறம் வரிசையாச் சொல்லி வைக்கற வசதி வந்துச்சு. ரெண்டாம் பாகத்துல எதிரி வந்தா ஊர் மணி அடிச்சு எல்லாரையும் வீட்டுக்குள்ள அனுப்பலாம். சும்மா நிக்கற கிராமத்தானைக் கண்டுபிடிக்க தனியா ஒரு பட்டன். (நம்ம ஆபீஸ்ல மேனேஜர்ட்ட இந்த பட்டன் இல்லாம இருக்கறது நம்ம அதிர்ஷ்டம் :-)) அடுத்த வருஷம் வந்த 'கான்கரர்ஸ்' துணைப் பாகத்துல, தரிசாப் போற வயலைத் திரும்ப விதைக்க முன்கூட்டியே சொல்லி வைக்கலாம். இதெல்லாம் உக்காந்து ஆடி எரிச்சல் பட்டவனுக்குத் தான் தோணும்.

*

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதிக்கு வரேன். பொட்டி தட்டறவங்க கவனமாப் படிங்க, மத்தவங்களும் பயப்படாம வாங்க.

1990-களின் நடுவுல வீட்டுக்கு வந்த இண்டர்நெட் எப்படி இருந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? கீய்ங்ங்ன்னு கத்தற மோடம். வேகம் 28.8 கிலோபிட். அந்தக் கம்பி வழியா எட்டு பேர் ஒரே போர்க்களத்துல ஆடணும். ஆயிரத்துச் சொச்சம் வீரர்கள் ஒரே நேரத்துல நடக்கணும், வெட்டணும், அம்பு விடணும். ஒவ்வொரு வீரனும் எங்க இருக்கான், எந்தப் பக்கம் பாக்கறான், எவ்வளவு அடி வாங்கியிருக்கான்னு அனுப்பிக்கிட்டு இருந்தா அதிகபட்சம் 250 பேர் நகர்றதுக்குள்ள கம்பி நிரம்பிடும். இது அவங்களே போட்ட கணக்கு.

அதுக்கு அவங்க பிடிச்ச வழியைச் சொல்ல, கடுதாசியில ஆடற சதுரங்கத்தைத் தான் உதாரணமாச் சொல்லணும். மதுரையில ஒருத்தர், நாக்பூர்ல ஒருத்தர். ரெண்டு பேர் வீட்டுலயும் ஒரு பலகை. கடுதாசியில பலகையை அனுப்ப வேண்டியதில்ல. "குதிரையை இங்க வெச்சேன்"னு ஒரு வரி போதும். அவர் தன் பலகையில அதே குதிரையை அதே கட்டத்துக்கு நகர்த்திக்குவார். என்செம்பிள் பண்ணினதும் இதே தான். எட்டு கம்ப்யூட்டர்லயும் முழுப் போர்க்களமும் தனித்தனியா ஓடும். கம்பி வழியாப் போறது கட்டளை மட்டும். "இந்த நாப்பது வில்லாளியும் அந்தக் கோட்டையை அடிங்க" அவ்ளோதான். நாப்பது பேர் போனாலும் நானூறு பேர் போனாலும் கடுதாசி ஒண்ணு தான்.

இதுல இன்னொரு தந்திரம். நீங்க சொல்ற கட்டளை உடனே நடக்காது. ரெண்டு சுற்று தள்ளித் தான் நடக்கும். அதுக்குள்ள அது எல்லார் மெஷினுக்கும் போய்ச் சேர்ந்திருக்கும். அப்ப ஆடறவனுக்கு எரிச்சல் வராதா? சோதிச்சுப் பாத்திருக்காங்க. கால் நொடி தாமதம் யாருக்கும் தெரியவே இல்லையாம். சில சமயம் வேகம், சில சமயம் மெதுவுன்னு மாறி மாறி வந்தாத் தான் கடுப்பு. தாமதமா இருந்தாலும் ஒரே மாதிரி இருந்தா மனுஷன் பழகிக்குவான். (எங்க ஊர் டவுன் பஸ்ஸுக்கும் பொருந்துற தத்துவம்.)

சரி, இதுல ஆபத்து எங்க? எட்டு பலகையும் அச்சு அசலா ஒண்ணா இருக்கணும். பகடை உருட்டினா எட்டு மெஷின்லயும் அதே எண் விழணும். மயிரிழை மாறினாலும் போச்சு. அவங்க சொன்ன உதாரணம் தான் மான். ஆட்டம் தொடங்கறப்ப ஒரு மெஷின்ல ஒரு மான் கொஞ்சூண்டு தள்ளி நிக்குது. அதனால அது மேயற பாதை லேசா மாறுது. சில நிமிஷம் கழிச்சு ஒரு வேட்டைக்காரன் எறிஞ்ச ஈட்டி ஒரு மெஷின்ல படுது, இன்னொண்ணுல தப்பிடுது. இந்த மெஷின்ல இவன் கறியோட வீடு திரும்பறான், அந்த மெஷின்ல வெறுங்கையோட. இங்க சோறு இருக்கு, அங்க சோறு இல்ல. ரெண்டு சரித்திரமும் பிரிஞ்சு போச்சு. ஆட்டம் அப்படியே நின்னுடும்.

'அவுட் ஆஃப் சிங்க்'!

இந்த வார்த்தையை அண்ணாச்சி கடையில எத்தனை ராத்திரி பாத்திருப்போம்! ரெண்டு மணி நேரம் கட்டின சாம்ராஜ்யம் போயிடும். "கேபிள் சரியில்ல அண்ணாச்சி"ன்னு சண்டை போடுவோம். அவரும் பாவம், கேபிளை உருவி, ஊதி, திரும்பச் சொருகுவார். பல வருஷம் கழிச்சு, அந்த ஸ்டுடியோ நிரலாளர்கள் பால் பெட்னரும் மார்க் டெரானோவும் '28.8-ல 1500 வில்லாளிகள்'ங்கற மாதிரி தலைப்புல எழுதின கட்டுரையைப் படிச்சேன். 2001-ல ஒரு மாநாட்டுக்காக எழுதினது. அட, நாங்க ஷட்டருக்குள்ள முழிச்சிக்கிட்டு இருந்த அதே வருஷம். அன்னைக்குக் குத்தம் கேபிள் மேலயே இல்லாம இருந்திருக்கலாம். எங்க ஆறு மெஷின்லயும் ஆறு விதமான திருட்டு சிடி. எந்த மான் எங்க தள்ளி நின்னுச்சோ!

*

2001-ல தான் மைக்ரோசாஃப்ட் என்செம்பிளை மொத்தமா விலைக்கு வாங்கிடுச்சு. 2002-ல 'ஏஜ் ஆஃப் மித்தாலஜி', 2005-ல மூணாம் பாகம். எதுவும் ஊத்திக்கல. எல்லாத்தையும் சேர்த்து இந்த ஸ்டுடியோவோட ஆட்டங்கள் 2 கோடி பிரதிக்கு மேல வித்திருக்கு. டல்லாஸ் பக்கம் நூறு பேர் சுமாருக்கு இருந்த ஒரு கம்பெனி!

ஆனா உள்ளுக்குள்ள வேற ஒரு கதை ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒரே மாதிரி ஆட்டத்தையே எத்தனை நாள் பண்றதுன்னு அவங்களுக்கும் அலுப்பு. புதுசு புதுசா முயற்சி பண்ணுவாங்க, பலது பாதியில நிக்கும். கன்சோல்ல, அதாவது மவுஸ் இல்லாம வெறும் கைப்பிடியை வெச்சு, இந்த மாதிரி போர் விளையாட்டை ஆட முடியுமான்னு ஒரு முயற்சி. சொந்தமா ஒரு உலகத்தைக் கற்பனை பண்ணி வெச்சிருந்தாங்க. மைக்ரோசாஃப்ட் அதை ஏற்கனவே பேர் வாங்கின 'ஹேலோ' உலகத்துக்கு மாத்தச் சொன்னது. அப்படிப் பிறந்தது தான் 'ஹேலோ வார்ஸ்'. அதே 'ஹேலோ' உலகத்துல ஆயிரக்கணக்கானவங்க இணையத்துல சேர்ந்து ஆடற மாதிரி 'டைட்டன்'னு இன்னொரு திட்டமும் இருந்துச்சு. அது 2007-ல நின்னு போச்சு.

2008 செப்டம்பர் 9. 'ஹேலோ வார்ஸ்' முடிஞ்சதும் ஸ்டுடியோவை மூடப் போறதா ஊழியர்கள்ட்ட சொன்னாங்க. நிதி சார்ந்த முடிவுன்னு மைக்ரோசாஃப்ட் விளக்கம் குடுத்தது. அதுக்கு ஆறு நாள் கழிச்சு தான் லேமன் பிரதர்ஸ் திவாலாச்சு. அதனால மந்தத்தோட தலையில மட்டும் பழியைப் போட முடியாது. ப்ரூஸ் ஷெல்லி தன்னோட வலைப்பதிவுல வருத்தப்பட்டு எழுதினார். இந்தப் பணத்தை வேற எதுலயோ போடலாம், அதை விட நாம மதிப்புக் குறைஞ்சவங்கன்னு தோணற நிலைக்கு எப்படி வந்தோம்ங்கறது தான் அவர் கேள்வி. தோத்தவன் கேட்டா அது புலம்பல். ஜெயிச்சுக்கிட்டே இருந்தவர் கேட்டதால எனக்கு அது உறைச்சது.

ஆனா என்னை உலுக்கினது மூடினது இல்ல. அதுக்கப்புறம் நடந்தது தான். வேலை போகப் போகுதுன்னு தெரிஞ்சும், அந்த நாலஞ்சு மாசம் உக்காந்து 'ஹேலோ வார்ஸை' முடிச்சாங்க. கடைசி வரைக்கும் இருக்கறவங்களுக்கு ஊக்கத்தொகை இருந்துச்சு, அது உண்மை. ஆனா காசுக்காக இருக்கலாம், காசுக்காக நல்லாச் செய்ய முடியாது. 2009 ஜனவரி 29-ம் தேதி ஸ்டுடியோ மூடப்பட்டது. ஒரு மாசத்துக்குள்ள ஆட்டம் கடைக்கு வந்தது. பத்து லட்சத்துக்கு மேல வித்தது. செஞ்சவங்கள்ட்ட சொல்லிக் கொண்டாட அப்ப ஆபீஸ் இல்ல.

இதை எழுதறப்ப என் கதையும் சொல்லித் தான் ஆகணும். அதே 2009. நான் சென்னையில ஒரு கம்பெனியில இருந்தேன். எங்க ப்ராஜெக்டையும் மூடறதாச் சொன்னாங்க. ஒன்றரை மாசம் அவகாசம். அந்த ஒன்றரை மாசம் நான் ஆணி புடுங்கவே இல்ல. கேண்டீன்ல உக்காந்து மேனேஜரைத் திட்டினேன், ரெஸ்யூமே தட்டினேன். அடுத்து வரப்போற பசங்களுக்கு எழுதி வெச்சிருக்க வேண்டிய ஆவணங்கள்ல பாதி வெத்துத் தாள். "எவன் கேக்கப் போறான்"னு ஒரு திமிர். ஆறு மாசம் கழிச்சு, முகம் தெரியாத ஒரு பையன் எங்கேயோ என் நம்பரை வாங்கி ராத்திரி பதினோரு மணிக்குக் கூப்பிட்டான். "அண்ணே, இந்த மாட்யூல் எப்படி ஓடுதுன்னு தெரியல, நீங்க தான் எழுதினதாச் சொன்னாங்க"ன்னான். குரல்ல அழுகை. என்னை வெளிய அனுப்பினவங்களுக்கு நான் காட்டின கோபம் போய்ச் சேர்ந்த இடம் அந்தப் பையன். அதுக்கப்புறம் தான் டல்லாஸ்காரங்க செஞ்சது எவ்ளோ பெரிய விஷயம்னு எனக்குப் புரிஞ்சது.

*

அவங்கள்லாம் என்ன ஆனாங்க? டோனி குட்மேனும் சிலரும் சேர்ந்து ரோபாட் எண்டர்டெயின்மெண்ட் தொடங்கினாங்க. 'ஆர்க்ஸ் மஸ்ட் டை' அவங்களோடது. இன்னொரு கூட்டம் பான்ஃபயர் ஸ்டுடியோஸ். அதை 2010-ல ஜிங்கா வாங்கிச்சு, 2013-ல மூடிடுச்சு. ஒரே கூட்டத்துக்கு ரெண்டு மூடுவிழா! மூடறதுக்கு முன்னாடியே வெளிய வந்த பால் பெட்னர், ஆமா, அந்த 1500 வில்லாளி ஆள் தான், தம்பியோட சேர்ந்து 'வேர்ட்ஸ் வித் ஃப்ரெண்ட்ஸ்'ங்கற போன் விளையாட்டைப் பண்ணினார். ஒருத்தர் எழுத்து அடுக்கணும், இன்னொருத்தர் தன் முறை வர்ற வரைக்கும் காத்திருக்கணும். நேரா கடுதாசி சதுரங்கத்துக்கே போயிட்டார் மனுஷன்!

விளையாட்டு என்ன ஆச்சு? அது சாகல. வியட்நாம்ல 1997-ல வந்த முதல் பாகத்தையே பல வருஷமா போட்டி வெச்சு ஆடினாங்க. ஐரோப்பாவுல கொஞ்சம் ரசிகர்கள் சேர்ந்து, மூல நிரல் கையில இல்லாமலே, ரெண்டாம் பாகத்துக்குப் புது நாகரிகங்கள் சேர்த்து இலவசமா வெளியிட்டாங்க. பேர் 'ஃபர்காட்டன் எம்பயர்ஸ்', மறக்கப்பட்ட பேரரசுகள். மைக்ரோசாஃப்ட் அவங்களையே கூப்பிட்டு 2013-ல அதை அதிகாரபூர்வமாக்கிச்சு. 2019 நவம்பர்ல வந்த புதுப்பிச்ச பதிப்பையும் முன்ன நின்னு பண்ணினது அவங்க தான். 2022-ல ஜெர்மனியில ஹைடல்பெர்க் கோட்டைக்குள்ளயே பெரிய போட்டி நடந்துச்சு. 23 வருஷம் பழைய ஆட்டத்துக்கு!

அதே 2022 ஏப்ரல்ல தான் என் தலையில குட்டு விழுந்துச்சு. 'டைனாஸ்டீஸ் ஆஃப் இண்டியா'ன்னு ஒரு துணைப் பாகம். அதுல வங்காளிகள், கூர்ஜரர்கள், அப்புறம் திராவிடர்கள். திராவிடர்கள்னு பேர் வெச்சது சரியா, தெலுங்கரும் கன்னடரும் ஒத்துக்குவாங்களான்னு நாம தாராளமா சண்டை போட்டுக்கலாம். சுருள்வாள் வீசற உருமி வீரன், திரிசடைன்னு ஒரு போர்க்கப்பல், கவசத்தையே மதிக்காத வூட்ஸ் எஃகு. தனி ஆட்டக் கதையா ராஜேந்திர சோழன்.

முதல் தடவையா காசு குடுத்து வாங்கினேன். 21 வருஷத்துக்கு அப்புறம். பையன் பக்கத்துல உக்காந்திருந்தான். கிராமத்தானை க்ளிக் பண்ணினேன். தமிழ்ல பதில் சொன்னான். பையன் "அப்பா, நம்ம பாஷை பேசறான்!"னு துள்ளினான். எனக்குத் தொண்டையில என்னமோ அடைச்சுது. அண்ணாச்சி கடையில அத்தனை ராத்திரி, யார் யாரோ பாஷையில "சரி எஜமான்" கேட்டிருக்கேன்.

அப்புறம் தான் உறைச்சது. நான் இன்னைக்குக் குடுத்த காசு யாருக்குப் போகுது? மைக்ரோசாஃப்டுக்கு. புதுசா உழைச்சவங்களுக்கு ஒரு பங்கு போகலாம், நியாயம். மானைத் தேடி ராத்திரி முழிச்ச அந்த நூறு பேர், ஆபீஸ் மூடப் போறது தெரிஞ்சும் வேலையை முடிச்சுக் குடுத்தவங்க, அவங்களுக்கு இதுல எதுவும் போகும்னு எனக்குத் தோணல. அவங்களுக்குக் குடுக்க வேண்டிய நேரத்துல நான் அம்பது ரூவாயை வேற கடையில குடுத்துட்டேன்.

இப்ப ஆட்டம் ஆரம்பிக்கறப்ப பையன் எஸ்கேப் பட்டனைத் தட்டப் போனா கையைப் பிடிச்சு நிறுத்தறேன். "இருடா, பேர் போகட்டும்"னு. அவனுக்குக் காரணம் புரியாது. உங்களுக்குப் புரியும்னு நினைக்கறேன்.

பி.கு: நீங்க எந்த ஊர் சென்டர்ல, மணிக்கு எவ்ளோ குடுத்து ஆடினீங்கன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க மக்கா. 'ஹவ் டூ யூ டர்ன் திஸ் ஆன்'னு தட்டி கார் இறக்கி ஜெயிச்சவங்களும் வரலாம், திட்ட மாட்டேன் :-)